நான் இருக்கேன்மா

அந்த மாட்யூலை மூன்று ஊர்களில் என் கையால் ஏற்றினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனி எழுதியது, மேனேஜர் கோகுல் சார் சொன்னார், நான் செய்தேன் என்று பழியை மூன்றாகப் பங்கு போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம்தான். ஆனால் கீபோர்டில் இருந்தவை என் பத்து விரல்கள். அவற்றை யாரும் என்னிடமிருந்து கடன் வாங்கிப் போகவில்லை.

என் பெயர் அமலதாஸ். டெலிபோன் சர்வர்களை நிறுவுவது, பராமரிப்பது என் வேலை. ஒரு சுமாரான கம்ப்யூட்டரும் இலவசமாகக் கிடைக்கும் ஓபன் சோர்ஸ் மென்பொருளும் இருந்தால் யார் வேண்டுமானாலும் ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வைத்துவிடலாம். அதற்கு ஒரு தேவை மட்டும் உண்டு, தாளம். நொடிக்கு ஆயிரம் முறை அதற்கு யாராவது தாளம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பல குரல்களை ஒன்றாகச் சேர்க்கும்போது எது முன், எது பின் என்று அதற்குத் தெரியாமல் போய்விடும். முன்பெல்லாம் அதற்கென்றே ஓர் அட்டையைச் சொருகுவோம். அட்டை இல்லாத இடங்களில் டம்மி டிரைவர் என்ற சின்ன மாட்யூலை ஏற்றுவோம். அதற்குப் புத்தி கிடையாது. ஆயிரம் என்றால் ஆயிரம் போடும், பேசாமல் கிடக்கும்.

எங்கள் கம்பெனி புத்தியுள்ள ஒன்றைச் செய்தது. ‘துரிதா’ என்று பெயர். யாராவது பேசும்போது மட்டும்தான் துரிதா தாளம் போடும். பேச்சில்லாத நேரத்தை அது நேரமாகவே எண்ணாது.

இதை நான் கொண்டுபோய் ஏற்றிய இடம் ‘உறுதுணை’. வீட்டுக்குள் அடிபடும் பெண்கள் அழைக்கும் உதவி எண் அது. ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை என மூன்று மையங்கள். திருச்சி மையத்தில் ஒரு ஷிப்டுக்கு ஐந்து பெண்கள் உட்கார்ந்து அழைப்பை எடுப்பார்கள். துரிதா வருவதற்கு முன்னால் ஒருத்தி அழைத்தால் ஒன்பது, பத்து நிமிடம் வரிசையில் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து, பாதியில் லைன் அறுந்து, மறுநாள் செய்தித்தாளில் புகைப்படமாக வந்த பெண்ணை எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் பெருமையோடு போய் அதை ஏற்றினேன். காத்திருப்பு நேரம் இருபது வினாடிக்கு இறங்கியது. கோகுல் சார் எனக்கு ஒரு சால்வை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டார். அந்தச் சால்வை வீட்டில் இருக்கிறது. இன்று அதைப் பார்த்தால் கை கூசுகிறது.

மூன்று மாதம் கழித்து ஒரு புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு கோகுல் சார் போன் செய்தார்.

“தாஸ், திருச்சி சென்டர்ல வெயிட்டிங் ஒன்பது நிமிஷம் காட்டுது. என்ன பண்ணி வச்சிருக்கீங்க?”

“நான் ஒண்ணும் பண்ணலையே சார். நேத்து செக்யூரிட்டி அப்டேட் போட்டாங்க, மூணு சென்டருக்கும்.”

“மத்த ரெண்டும் நல்லா ஓடுதே! பன்னெண்டு மணிக்கு டிரஸ்டிங்க டேஷ்போர்டு பாக்குறாங்க. அதுக்குள்ள இருபது செகண்டுக்கு வரணும். நேர்ல போங்க.”

போகிற வழியிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அப்டேட்டில் சர்வரின் அடித்தள மென்பொருளான கெர்னல் மாறியிருக்கும். கெர்னல் மாறினால் அதற்கேற்ப மாட்யூலை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். அது நடக்கவில்லை என்றால் துரிதா ஏறாது. சர்வரும் சத்தமில்லாமல் பழைய டம்மியைக் கட்டிக்கொண்டு ஓடும். இருபது நிமிட வேலைதான். போய் முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே படியேறினேன்.

சர்வர் அறை வாசலில் மெஹருன்னிசா அக்கா நின்றிருந்தார். ஐம்பத்திரண்டு வயது. அந்த மையம் திறந்த நாளிலிருந்து அங்கே இருக்கிறார். கழுத்தில் ஹெட்செட் தொங்கியது, இரண்டு கைகளும் கதவின் இரண்டு பக்கமும் இருந்தன.

“நில்லு தம்பி. மறுபடி அந்தச் சனியனை ஏத்தத்தானே வந்திருக்க?”

“அக்கா, பதினாலு பேர் லைன்ல நிக்கிறாங்க. நகருங்க.”

“தெரியும். நானும் பாத்துட்டுத்தான் வர்றேன். காலைல எட்டு மணிக்கு ஒரு பொண்ணு கூப்பிட்டா. ஒரு நிமிஷம் வரைக்கும் பேசவே இல்ல. மூச்சு மட்டும் வந்துச்சு. மூணு மாசமாச்சு தம்பி நான் ஒருத்தி மூச்சு விட்டுக் கேட்டு. அதுக்கப்புறம்தான் வாயைத் திறந்தா. எப்பவும் அப்படித்தான் திறப்பாளுங்க. நீ வந்ததுக்கப்புறம் எனக்கு வெறும் வார்த்தைதான் வருது. ஒருத்தி அழுது முடிக்கல, அதுக்குள்ள இன்னொருத்தி காதுல பேசுறா. அவ மூக்கு சிந்துறதுக்குள்ள மூணாவது ஆளு.”

“அதுதான் அக்கா அதோட வேலையே. ஒருத்தங்க பேசாம இருக்கிற நேரத்துல உங்க காதை அடுத்தவங்களுக்குக் குடுக்குது. அவங்க பேச ஆரம்பிச்சா உடனே திரும்பி வந்துரும். ஒரு காதுக்கு மூணு பேரு. அதனாலதான் யாரும் காத்திருக்கல.”

“நாங்க அஞ்சு பேரு இருக்கோம். பத்து பேரு வேணும்னு மூணு வருஷமா எழுதிக் குடுத்தோம். பத்து பேருக்குப் பதிலா நீ வந்த.”

எனக்கு முகம் சுட்டது. அவர் கதவிலிருந்து கையை எடுத்து என் முன்னால் ஒரு தாளை நீட்டினார். அழைப்புப் பட்டியல். நான்கு வரிகளில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தார்.

உறுதுணையில் அழைக்கும் பெண்ணின் பெயரோ முழு எண்ணோ யாருக்கும் தெரியாது. அழைப்பு முடிந்த உடனேயே சர்வர் எண்ணை அழித்துவிட்டுக் கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். பெண்களின் பாதுகாப்புக்காக வைத்த விதி, நல்ல விதிதான். கோடு போட்ட நான்கு வரியிலும் கடைசி நான்கு இலக்கம் 4417. நான்கும் காலை பதினொன்றேகாலையொட்டி வந்தவை. நான்குக்கும் எதிரில் ‘வெற்று அழைப்பு’ என்றும், எடுத்தவர் மெஹருன்னிசா என்றும் இருந்தது.

“இதுல ஒண்ணைக்கூட நான் எடுக்கல தம்பி. அல்லா மேல ஆணையா எடுக்கல. அப்புறம் எப்படி என் பேரு?”

“மாட்யூல் உங்களுக்கு ஒதுக்கியிருக்கும். அவங்க பேசவே இல்லைன்னா உங்க காதுக்கு வராது. நாப்பது செகண்டு பாத்துட்டு வெற்று அழைப்புன்னு மூடிடும்.”

“அஞ்சு தடவை அப்படி வந்தா?”

“தொந்தரவு நம்பர்னு ஆறு மாசத்துக்குத் தடை.”

“இன்னைக்கு வந்தா அஞ்சாவது” என்றார். “இவளை எனக்குத் தெரியும். நீ இதைக் கொண்டு வர்றதுக்கு முன்னாடி ரெண்டு தடவை என்கிட்ட வந்திருக்கா. அவன் பக்கத்து ரூம்லயே இருப்பான், வாய் திறக்க முடியாது. நான்தான் தட்டச் சொல்லிக் குடுத்தேன். ஆமான்னா ஒரு தட்டு. இல்லைன்னா ரெண்டு. இப்பவே ஆபத்துன்னா மூணு.”

அந்தத் தட்டுக் கணக்கு அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எந்தக் கையேட்டிலும் இல்லை. கம்பெனி தேவைப்பட்டியல் தயாரித்தபோது மேனேஜர்களைக் கேட்டார்கள், அறங்காவலர்களைக் கேட்டார்கள். அழைப்பை எடுக்கும் ஐந்து பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நான் துரிதாவைச் சோதித்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் போனிலிருந்து அழைத்து “ஹலோ, ஒண்ணு ரெண்டு மூணு, மைக் டெஸ்டிங்” என்றேன். நன்றாகக் கேட்டது. தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டெலிபோனைச் சோதிக்கும் எவனும் பேசித்தான் சோதிப்பான். பேசாமல் இருந்து பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

துரிதாவின் காதில் தட்டுவது பேச்சல்ல, இரைச்சல். இரைச்சலை அது ‘கழிவு’ என்ற ஃபோல்டரில் ஏழு நாள் வைத்திருந்து அழித்துவிடும். நேற்றைய அழைப்பு அதில் இருக்கும்.

“கேக்கலாமா அக்கா?” என்றேன்.

கேட்கச் சொல்லியிருக்கக் கூடாது. அதில் இன்னொன்றும் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். எப்படியாவது அது வெளியே வந்து தொலைக்கட்டும் என்று இருந்தது.

லேப்டாப்பில் நேற்றைய 4417-ஐத் திறந்தேன். முதலில் மின்விசிறிச் சத்தம். பிறகு மெல்ல, நகத்தால் தட்டியது போல, டொக், டொக், டொக்.

உடனே ஒரு குரல். “சரிம்மா, புரியுது.”

மெஹர் அக்காவின் குரல்.

எட்டு வினாடி. மறுபடி மூன்று தட்டு, கொஞ்சம் வேகமாக.

“கேட்டுட்டு இருக்கேன், சொல்லுங்கம்மா.”

மூன்று தட்டு. மூன்று தட்டு. மூன்று தட்டு.

“பயப்படாதீங்க. நான் இருக்கேன்மா.”

அந்தப் பெண்ணின் தட்டு நின்றது. தூரத்தில் ஒரு ஆண் குரல், “யார்றி அது? யாரு பேசுறது?” என்றது. ஏதோ கீழே விழுந்தது. அதோடு முடிந்தது.

“இது நான் இல்லையே” என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்தார். “சவுண்ட் டெஸ்டுன்னு சொல்லி ஒரு நாள் டீ வாங்கிக் குடுத்து உக்கார வச்சியே. பன்னெண்டு வாக்கியம் சொல்லச் சொன்னியே. அதா?”

“ஆமாக்கா. உங்க காது இன்னொருத்தங்ககிட்ட இருக்கும்போது இவங்க தனியா இருக்கிற மாதிரித் தோணக் கூடாதுன்னு…”

கன்னத்தில் அறை விழும் என்று எதிர்பார்த்தேன். விழுந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“அவ மூணு தட்டுறா” என்றார் அக்கா. குரல் உயரவில்லை. “என்னைக் கொல்லப் போறான்னு தட்டுறா. நான் சரிம்மா புரியுதுன்னு சொல்றேன். என் வாயை எடுத்து நீ இப்படிப் பண்ணியிருக்கடா. நான் இருக்கேன்னு நம்பித்தானே அவ லைன்லயே நின்னா? அந்தச் சத்தம் கேட்டுத்தானே அவன் வந்தான்? நான் காட்டிக் குடுத்துட்டேன்டா அவளை.”

“நீங்க இல்லக்கா…”

“அவளுக்கு அது தெரியுமா?”

என் போன் அடித்தது. கோகுல் சார். எடுத்தேன். மாட்யூல் ஏறிவிட்டதா என்றார். இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்றேன். “வெயிட்டிங் பதினோரு நிமிஷம் ஆயிருச்சு தாஸ். லைன்ல நிக்கிறவங்கள்ல ஒருத்தருக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க தலையிலதான் விழும்” என்றார். அந்த ஆள் மேல் எனக்குக் கோபம் கொந்தளித்தது. ஆனாலும் அவர் சொன்னது பொய்யில்லை. திரையில் பதினாறு பேர் நின்றார்கள். அவர்களில் எத்தனை பேர் பக்கத்து அறையில் ஒருவனை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? இப்போது துரிதாவை ஏற்றினால் பதினாறு பேரும் இருபது வினாடியில் உள்ளே வந்துவிடுவார்கள். 4417 அழைத்தால் மட்டும் ஐந்தாவது வெற்று அழைப்பாகி, அதோடு அவள் கதவு மூடிவிடும். அதுவும் அவள் அழைக்கும் நிலையில் இருந்தால்.

மணி பத்து ஐம்பது.

“கம்பைல் ஆயிட்டு இருக்கு சார். பதினொன்றரை ஆயிடும்” என்று பொய் சொல்லிவிட்டு வைத்தேன்.

அக்கா தன் இருக்கைக்குப் போய் ஹெட்செட்டை மாட்டினார். அடுத்த இருபது நிமிடத்தில் மூன்று பேரிடம் பேசினார். மூன்றாவது பெண்ணிடம் பேசியதைவிட அவர் பேசாமல் இருந்த நேரம்தான் அதிகம். நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வரிசைப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்று பன்னிரண்டுக்கு 4417 வந்தது. பதினைந்தாவது இடம்.

உயிரோடு இருக்கிறாள். பட்டியலில் அதை இழுத்து முதல் இடத்தில் போட்டேன். மற்ற பதினாலு பேரைத் தாண்டி ஒருத்தியை முன்னே தள்ள எனக்கு யார் உரிமை கொடுத்தார்கள்? யாரும் கொடுக்கவில்லை. தள்ளினேன். அக்காவின் ஹெட்செட்டோடு இன்னொன்றைச் சேர்த்து நானும் மாட்டிக்கொண்டேன்.

அக்கா வாயைத் திறக்கும் முன் அங்கிருந்து குரல் வந்தது.

“ஹலோ, யாரு? எந்த நம்பரு இது?”

ஆண் குரல்.

அக்காவின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கியதை நான் பார்த்தேன். குரலில் அந்தப் பயம் ஒரு பொட்டுகூட இல்லை. சலிப்பும் அவசரமும் கலந்து, கவுண்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த குரலில், “வணக்கம், கேஸ் புக்கிங். கன்ஸ்யூமர் நம்பர் சொல்லுங்க சார்” என்றார்.

அங்கே ஐந்து பேருக்கும் இது பழக்கம். அழைக்கும் பெண்ணிடம் முதல் நாளே சொல்லிவிடுவார்கள், இந்த எண்ணை கேஸ் புக்கிங் என்று சேவ் செய்துகொள் என்று. அதனால் ஆண் குரல் கேட்டால் அந்த மையம் அந்த வினாடியிலேயே கேஸ் ஆபீஸாகிவிடும். துரிதாவுக்கு இந்தப் பழக்கமும் தெரியாது.

“கேஸ் புக்கிங்கா?” அவன் நம்பவில்லை. “நேத்து இந்த நம்பர்ல ஒரு பொம்பளை ‘பயப்படாதீங்க, நான் இருக்கேன்மா’ன்னு சொல்லுச்சு. கேஸ் ஆபீஸ்ல எவடி அப்படிச் சொல்லுவா?”

அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

“அது ரெக்கார்டிங் சார்” என்றார். “கஸ்டமர் லைன்ல காத்திருந்தா ஆறுதலா ஏதாவது பேசணும்னு எவனோ ஒரு கம்ப்யூட்டர்காரன் போட்டு வச்சிருக்கான். எங்களுக்கே எரிச்சலா இருக்கு. காலைல இருந்து நீங்க ஏழாவது ஆளு கேக்குறீங்க.”

அவன் சிரித்தான். சத்தியமாகச் சிரித்தான். “எல்லாத்துலயும் ரெக்கார்டிங்கைப் போட்டு உயிரை வாங்குறானுங்க” என்றான்.

“உங்க இணைப்பை முடக்கி வச்சிருக்காங்களே சார். விலாசம் சரி பாக்கலைன்னு போட்டிருக்கு. அதுக்காகத்தான் வீட்ல இருந்து அடிச்சிருப்பாங்க. சிலிண்டர் வராது இனிமே.”

“முடக்கிட்டாங்களா? யாரைக் கேட்டு?”

“அது எனக்குத் தெரியாது சார். இப்பவே சொன்னீங்கன்னா சரி பண்ணித் தந்துர்றேன். விலாசம் சொல்லுங்க. சரியாக் கேக்கல, ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுங்க.”

போட்டான். விலாசம் சொன்னான். கதவு எண், தெரு, எந்தக் கோயிலுக்குப் பின்புறம், எத்தனையாவது மாடி, எல்லாம் சொன்னான். மனைவி பேரைக் கேட்டிருந்தால் நூறு கேள்வி கேட்டிருப்பான். சிலிண்டர் என்றதும் குழந்தை மாதிரி ஒப்பித்தான். அக்கா எழுதிய தாளை நான் பிடுங்கிக்கொண்டு எதிர் மேஜைக்குப் போய் மகளிர் போலீஸுக்குப் போன் செய்தேன். பதினைந்து நிமிடம் ஆகும் என்றார்கள். பத்தில் வாருங்கள் என்று கத்தினேன். திரும்பி வந்து ஹெட்செட்டை மாட்டினேன்.

“ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார், கம்ப்யூட்டர் மெதுவா ஓடுது” என்று சொல்லிவிட்டு அக்கா பேச்சை நிறுத்தினார்.

அமைதி. மின்விசிறி. தெருவில் ஒரு ஹாரன். அவன் எதையோ மென்றான். அதற்கெல்லாம் பின்னால், சுவருக்கு அப்பாலிருந்து பாத்திரத்தில் கரண்டி படும் சத்தம். ணங். ணங். ணங்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. வாய் மட்டும் கேஸ் ஆபீஸாகவே இருந்தது. “சார், டெலிவரிக்கு ஆள் வரும்போது சமையல் ரூம் கதவு திறந்திருக்கணும். இப்ப வெளியில இருந்து பூட்டியிருக்கா?”

“அதெல்லாம் எதுக்கு உனக்கு?”

ணங். ஒரு தட்டு. ஆமாம்.

“பாதுகாப்பு விதி சார். சிலிண்டர் பக்கத்துல இருக்கிறவங்களுக்கு எழுந்து வர முடியணும். முடியும்ல?”

ணங், ணங். இரண்டு.

“என்ன சார் சத்தம்?”

“உள்ள பாத்திரம் கழுவுறா. ஏய், சத்தம் போடாத!”

“கழுவட்டும் சார், விடுங்க. ஆளு வந்துட்டு இருக்காங்க” என்று அக்கா சத்தமாகச் சொன்னார். “பத்து நிமிஷத்துல உங்க வீட்டு வாசல்ல இருப்பாங்க. அதுவரைக்கும் நான் லைனை வைக்க மாட்டேன். கேக்குதா? வைக்கவே மாட்டேன்.”

ணங்.

அந்த ஒரு தட்டை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். துரிதா இருந்திருந்தால் அது ‘கழிவு’க்குப் போயிருக்கும். அவன் வார்த்தைகள் மட்டும் சுத்தமாக, இடைவெளியில்லாமல் அக்காவின் காதுக்கு வந்திருக்கும்.

பன்னிரண்டு நிமிடம் அவனை நிறுத்தி வைத்தார். பர்னர் எத்தனை, ரப்பர் குழாய் எந்த வருடத்தியது, அடுப்பு எந்த உயரத்தில் இருக்கிறது, எல்லாம் கேட்டார். அவன் திட்டிக்கொண்டே பதில் சொன்னான். கதவு தட்டும் சத்தம் கேட்டதும், “பரவாயில்லையே, வந்துட்டானுங்க” என்றபடி போனை வைத்துவிட்டு எழுந்து போனான்.

பன்னிரண்டு பத்துக்குப் போலீஸிலிருந்து அழைத்தார்கள். சமையலறை வெளியிலிருந்து தாழிட்டிருந்தது. இடது முன்கையும் ஒரு காலும் உடைந்திருந்தன. நேற்று காலையிலிருந்து உள்ளேயே கிடந்திருக்கிறாள். உயிருக்கு ஆபத்தில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்றார்கள். நான் சொன்னதும் அக்கா தலையை ஆட்டினார். உடனே அடுத்த அழைப்பை எடுத்தார். வரிசையில் இன்னும் பதினெட்டுப் பேர் இருந்தார்கள்.

கோகுல் சாருக்கு நானே போன் செய்து நடந்ததைச் சொன்னேன். இரண்டு வினாடி பேசாமல் இருந்தார். அவருக்கு ஏதோ உறைத்துவிட்டது என்று நினைத்தேன்.

“சரி, இது ஒரு கேஸ். வருத்தம்தான். அடுத்த வெர்ஷன்ல தட்டுறதையும் பேச்சுன்னு சேத்துக்கலாம். இப்ப ஏத்துங்க.”

“ஏத்த மாட்டேன் சார்.”

“என்னது?”

“தட்டுறதைச் சேத்தா தும்முறதை விட்டுருவோம். தும்முறதைச் சேத்தா அழுறதை விட்டுருவோம். ஆளு பத்தலைன்னா ஆளைப் போடுங்க. அவங்க வாயை வெட்டி ஒட்டி ஆளு மாதிரிக் காட்டாதீங்க. ஏத்த மாட்டேன்.”

“நாளைக்கு வேற ஆளை அனுப்பி ஏத்திக்கிறேன். உங்க பாஸ்வேர்டு எல்லாம் இந்த நிமிஷத்தோட கட்” என்று வைத்துவிட்டார். சொன்னபடி செய்தார். மனிதர் அதிலெல்லாம் நாணயம்.

அவருக்கு முன் நான் முந்திக்கொண்டேன். திருச்சி சர்வருக்குள் வெளியிலிருந்து நுழைந்து எதையும் மாற்றும் வழியை அடைத்துவிட்டு சர்வர் அறையைப் பூட்டி சாவியை அக்காவிடம் கொடுத்தேன். அவர் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, “ஒண்ணு மட்டும் சொல்லு தம்பி. இன்னைக்கு இந்தச் சனியன் எப்படி ஏறாமப் போச்சு? மனசு கேக்காம நீதான் ஏதாவது வழி வச்சிருந்தியா?” என்றார்.

ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் அந்தக் கண்களில் எனக்குக் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கும். சர்வர் அறையைப் பூட்டும் முன் நான் அதற்குரிய ஃபைலைத்தான் பார்த்திருந்தேன். கெர்னல் மாறினால் மாட்யூலைத் தானாகவே மறுபடி கம்பைல் செய்து ஏற்று என்று ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். அந்த வரி இங்கே இல்லை.

“மறந்துட்டேன்க்கா” என்றேன். “அன்னைக்குச் சால்வை போத்த வான்னு கூப்பிட்டாங்க. அவசரத்துல ஒரு வரி எழுத மறந்துட்டேன். அவ்வளவுதான்.”

சொல்லி முடித்த பிறகுதான் அடுத்தது எனக்கு உறைத்தது. மத்த ரெண்டும் நல்லா ஓடுதே என்று கோகுல் சார் காலையில் சொன்னது. தஞ்சாவூரிலும் புதுக்கோட்டையிலும் எனக்கு யாரும் சால்வை போர்த்தவில்லை. அங்கே நிதானமாக உட்கார்ந்து வேலை செய்தேன். அங்கே அந்த வரியை மறக்காமல் எழுதியிருக்கிறேன்.

போனை எடுத்துப் புதுக்கோட்டை மையத்தின் எண்ணைப் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். இருபது வினாடிக்குள் லைன் கிடைத்தது. நான் வாயைத் திறக்கவில்லை. விரலை மடக்கிப் போனின் முதுகில் மூன்று முறை தட்டினேன்.

“சரிம்மா, புரியுது” என்றது மெஹர் அக்காவின் குரல்.

தஞ்சாவூரிலும் புதுக்கோட்டையிலும் தனியாகப் பதிவு செய்யச் சோம்பல்பட்டு இவர் குரலையே போட்டிருந்தேன். அக்கா தன் இருக்கையிலிருந்து திரும்பினார். எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். மறுபடி மூன்று தட்டினேன். எட்டு வினாடி.

“பயப்படாதீங்க. நான் இருக்கேன்மா.”

“இல்லடி” என்றார் அக்கா அந்தப் போனைப் பார்த்து. “நீ இல்ல.”

நாற்பதாவது வினாடியில் லைன் அறுந்தது. அக்கா ஹெட்செட்டைக் கழற்றிப் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுக் கைப்பையைத் தோளில் மாட்டினார்.

“புதுக்கோட்டைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். அப்புறம் தஞ்சாவூர்” என்றார். “கிளம்பு தம்பி. என் வாயை நானே போய் மூடணும்.”